கூத்தர் காணியும் குலுக்கல் பரிசும்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தருகே சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் என் கையில் திணித்துவிட்டுப் போன துண்டு நோட்டீஸ் ஒன்றுதான் இக்கட்டுரைக்கு மூலகாரணம். உத்தியோகசாலையொன்றில் நேர்மையான ஊழியன் ஒருவனுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பொருளாகக் கொண்ட புதிய நாடகம் நடைபெறப் போகிறது என்றும், நுழைவுச் சீட்டின் மறுபாதியில் பெயரெழுதிப் பெட்டியில் போடுகிறவர்களுள் அதிர்ஷ்டசாலிகளுக்குக் குலுக்கல் முறையில் பரிசுகள் உண்டு என்றும் அதில் அச்சிட்டிருந்தது. நாடகத்தின் பெயர் சிறிய எழுத்திலும், பரிசுப் பொருள்களின் படங்கள் பெரிதாகவும் இருந்தன. உழைத்தவனுக்கு உரியது கிடைக்கவில்லையே என்று அழுகிற நாடகத்துக்கு, உழையாதவனுக்கு எதிர்பாராதது கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்க்கும் இந்த விநோதம் எப்பொழுது, எவ்வாறு நம்மிடையே வந்து சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தேன். அந்த யோசனை பல நூற்றாண்டுகளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பரிசு என்ற சொல் நம் கலைவாழ்வில் புதிதன்று. ஆனால் அது செல்லும் திசை மாறியிருக்கிறது. சங்க காலத்துப் பாணரும் கூத்தரும் விறலியரும் ஆடியும் பாடியும் பெற்றது பரிசில். கண்டு மகிழ்ந்தவன் கொடுத்தான், ஆடிக் களைத்தவன் வாங்கினான். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கூத்தனுக்கு அவ்வள்ளலின் ஊரையும் பேரையும் போகும் வழியையும் எடுத்துரைப்பதையே பொருளாகக் கொண்டு ஆற்றுப்படை என்றொரு பிரபந்த வகை எழுந்தது. கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாம் அவ்வகையைச் சேர்ந்ததே. அதுவும் ஒருவகை விளம்பரந்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எனினும் அதில் விளம்பரம் பெற்றவன் கொடுப்பவனே. ஆடுபவன் பார்ப்பவனுக்குப் பொருள் கொடுத்து அழைத்ததாக ஒரு செய்தியும் அங்கே இல்லை.

வள்ளலின் மனநிலையைப் பொறுத்த பரிசில், சோழர் காலத்தில் உரிமையாக உறுதிப்பட்டது. கொள்ளிடக் கரையில், நெடுங்காலம் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்து இப்போது அரியலூர் மாவட்டத்தில் அமைந்திருக்கும் காமரசவல்லி என்னும் ஊரின் சிவாலயத்தில் முதலாம் இராசேந்திர சோழனுடைய 29-ஆம் ஆட்சியாண்டுக்கு, அதாவது 1041-க்கு உரிய கல்வெட்டொன்று உண்டு. மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக் கூத்து ஆடும் பொருட்டுச் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவனுக்குச் சாக்கைக்காணியாக நிலம் விடப்பட்டதை அது தெரிவிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜேசுவர நாடகம் நடத்துவதற்காக விஜயராஜேந்திர ஆசாரியன் என்ற பட்டம் பெற்ற கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்கும்படி இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் கட்டளையிடப்பட்டதையும் கல்லிலேயே காணலாம். இன்ன நாளில் இத்தனை முறை ஆட வேண்டும், அதற்கு இன்ன நிலம், இத்தனை கலம் நெல் என்று வேலையையும் கூலியையும் ஒருங்கே கல்லில் வெட்டி, எல்லாரும் காணும் சுவரில் நிறுத்திய அந்த ஏற்பாட்டை விடத் தெளிவான வேலை ஒப்பந்தத்தை இந்தக் காலத்துக் காரியாலயங்களிலும் காண்பது அரிது. கூத்தன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. அவன் பெறுவது தயவன்று, காணி.

காணிக்கு அடுத்தபடியாக வருவது மரியாதை. ஸ்ரீரங்கத்தில் மார்கழி மாதத்துப் பகல் பத்து, இராப்பத்து உற்சவங்களில் அரையர்கள் கூம்பிய குல்லாய் அணிந்து, கையில் தாளம் கொண்டு, பாசுரங்களை இசையோடு விண்ணப்பம் செய்வதோடு, முத்துக்குறி, கம்ச வதம், இராவண வதம் முதலிய கட்டங்களை அபிநயித்தும் காட்டுகிறார்கள். அவர்களுக்குக் கோயில் செய்வது மாலை, தீர்த்தம், சடாரி, பரிவட்டம் என்னும் மரியாதைகள். கைசிக ஏகாதசி இரவில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்தி, பட்டர் கைசிக புராணம் வாசிப்பதும், வாசித்தவருக்குப் பிரம்மரத மரியாதை செய்வதும் அத்தலத்தின் பழைய சம்பிரதாயங்கள்.

அந்தக் கைசிக புராணத்திலேயே நம் விஷயத்துக்கு வேண்டிய கதையொன்று இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, திருக்குறுங்குடிக் கோயிலுக்கு வெளியே நின்று பாடுவதையே ஊழியமாகக் கொண்ட நம்பாடுவானை ஒரு பிரம்மராட்சசன் வழிமறித்துத் தின்ன வருகிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்து, சொன்னபடியே பாடித் திரும்பி வந்து தன் உடலை ஒப்புவிக்கும் அவனிடம், ராட்சசன் உடலை விட்டுப் பாட்டின் பலனைக் கேட்கிறான். நம்பாடுவான் கொடுத்த பலனால் அவன் சாபம் நீங்குகிறது. கலைஞன் கேட்டவனுக்குப் பரிசு கொடுத்தான் என்று நம் மரபிலும் ஒரு கதை உண்டு என்பதை இதனால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவன் கொடுத்தது தன் ஆயுட்கால ஊழியத்தின் பலன். குலுக்கிப் போட்டு எடுத்த சீட்டன்று.

வேலைக்காரனுக்கு எஜமானன் இழைக்கும் அநீதி நாடகப் பொருளாவதும் நாம் மேனாட்டாரிடம் கற்றுக்கொண்டதன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் காவிரி நாடெங்கும் பரவிற்று. பெரிய புராணத்தில் காணப்படாத வேதியர் என்னும் பண்ணையாரை அதிலே அவர் சிருஷ்டித்தார். சிதம்பரம் போய்வர ஒரு நாள் உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளுக்கு, நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று அவர் சொல்லும் பதிலில், லீவு விண்ணப்பத்தைக் கையில் ஏந்தி மேலதிகாரியின் அறை வாசலில் நின்றறிந்த எந்தக் குமாஸ்தாவும் தன் முகத்தையே கண்டுகொள்ளலாம். கதையில் அந்த வேலையைச் சிவகணங்கள் ஓரிரவில் முடித்துவிடுகின்றன. வெளியுலகில் கணங்கள் வருவதில்லை. அதனால்தான் பிற்காலத்தில் சங்கங்கள் தோன்ற வேண்டியிருந்தது. அரசாங்க உத்தியோகத்தின் ஊழலையும் அதே நூற்றாண்டில் காசி விசுவநாத முதலியார் தாசில்தார் நாடகம் என்ற பெயராலேயே மேடைக்குரிய பொருளாக்கினார்.

இத்தகைய நாடகங்களுக்கு ஆட்சியாளர் அளித்த வெகுமதி எத்தகையது என்பதை வங்காளத்தில் காண்கிறோம். அவுரித் தோட்ட முதலாளிகளிடம் குடியானவர்கள் பட்ட பாட்டைத் தீனபந்து மித்திரர் 1860-இல் நீல தர்ப்பணம் என்ற நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லாங் பாதிரியாருக்கு அடுத்த ஆண்டில் ஒரு மாதச் சிறைவாசமும் 1,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. நீதிமன்றத்திலேயே அத்தொகையைச் செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர் என்ற வங்காளப் பிரபு. தேயிலைத் தோட்டக் கூலிகளின் துயரத்தைக் கூறும் நாடகமும் தொடர்ந்து எழவே, 1876-இல் நாடக நிகழ்ச்சிகளைத் தடுக்க அதிகாரமளிக்கும் சட்டம் இந்தியா முழுவதற்கும் வந்து சேர்ந்தது. தொழிலிடத்து அநீதியைப் பேசும் மேடை ஆபத்தானது என்பதை முதலாளிகள் மிகவும் சீக்கிரமாகவே உணர்ந்துகொண்டார்கள்.

இனித் திருச்சிக்குத் திரும்புவோம். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை 1862-இல் இவ்வூரை எட்டியது. 1874-இல் உருவான தென்னிந்திய ரயில்வே பிற்பாடு திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. 1844-இல் நாகையில் தோன்றிய புனித ஜோசப் கல்லூரி 1883-இல் அதே வழியாக இவ்வூருக்கு வந்தது. கல்லூரி பட்டதாரிகளை உண்டாக்க, ரயில்வே அவர்களைக் குமாஸ்தாக்களாக ஏற்றுக்கொள்ள, ஸ்ரீரங்கத்து வீதிகளில் பஞ்சகச்சத்தின் மேல் கோட்டணிந்து காரியாலயம் செல்லும் ஒரு புதிய வர்க்கம் தோன்றிற்று. மாதச் சம்பளமும் மாலை ஓய்வும் இருந்தமையால், சபா என்ற ஸ்தாபனம் வேரூன்றுவதற்கு வேண்டிய மண் பக்குவமாயிற்று.

அந்த மண்ணில் விதையிட்டவர் எப். ஜி. நடேச ஐயர். தென்னிந்திய ரயில்வேயில் உயர்ந்த உத்தியோகம் வகித்துக்கொண்டே, கூத்தாடி என்று நாடகக்காரனைத் தெருவில் நிறுத்திப் பேசிய காலத்தில் தாமே வேஷமிட்டு மேடையேறிய துணிவாளர் அவர். 1914-இல் அவர் நிறுவிய ரசிக ரஞ்சன சபையில், ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக நடித்த சிறுவன்தான் பின்னாளில் தமிழ்நாட்டையே மயக்கிய எம். கே. தியாகராஜ பாகவதர். ரயில் வண்டியில் பாடிய கொடுமுடிச் சிறுமி சுந்தராம்பாளின் குரலைக் கேட்டு நாடக உலகுக்கு வழிகாட்டியவரும் அவரே என்று சொல்வார்கள். 1938-இல் கே. சுப்பிரமணியம் தயாரித்த சேவாசதனம் படத்தில், எம். எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவராக வரும் முதியவர் வேஷத்தில் நடேச ஐயர் தோன்றினார். கே. பி. சுந்தராம்பாளோ 1935-இல் வெளியான பக்த நந்தனார் படத்தில் நந்தனாக நடிப்பதற்கு 1,00,000 ரூபாய் ஊதியம் பெற்று நாட்டைத் திகைக்க வைத்தார். கூலியும் ஓய்வும் மறுக்கப்பட்ட பண்ணையாளின் வேஷத்துக்கு, அதுவரை எந்த நடிகரும் கேட்டுப் பெறாத ஊதியத்தைக் கேட்டுப் பெற்ற அந்த அம்மையாரின் செய்கையில், நாடக உலகம் முழுவதுக்கும் ஒரு பாடம் இருந்தது.

அக்காலத்து நாடக விளம்பரம் ஆரவாரமானது. மாட்டு வண்டியின் இருபுறமும் படம் எழுதிய தட்டிகளைச் சாத்தி, பாண்டு வாத்தியமோ தமுக்கோ முழங்க, வர்ண வர்ணமான நோட்டீஸ்களை வீசிக்கொண்டே பெரிய கடை வீதி போன்ற தெருக்களில் போவார்கள். பின்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். நோட்டீஸில் ராஜபார்ட்டின் பட்டங்களும், காட்சி ஜோடனைகளின் வர்ணனையும், தரை, பெஞ்சு, நாற்காலி என்ற கட்டண விகிதங்களும் நிறைந்திருக்கும். கொட்டகைக்குள்ளே பரிசு இருந்தது; ஆனால் அது மேடையை நோக்கிச் சென்றது. பாட்டில் மயங்கிய தனவந்தரோ வர்த்தகரோ நாடகத்தின் நடுவே எழுந்து மேடையேறி நடிகருக்கு மெடல் குத்துவார். மார்பு நிறைய மெடல்களோடு, ஏற்ற வேஷத்தின் பொருத்தத்தையும் பாராமல் ராஜபார்ட்டுகள் பிரவேசிப்பது ஸ்பெஷல் நாடகங்களில் சகஜமாக இருந்தது.

மெடல் மின்னியது, ஆயினும் அது கூலியாகாது. சாக்கைக் கூத்தனின் காணிக்கும் ராஜபார்ட்டின் மெடலுக்கும் இடையில் ஏதோ ஒன்று நழுவிப் போயிருந்தது. அது நழுவிய இடம் பாய்ஸ் கம்பெனி. ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களைச் சேர்த்து, ஒரே வீட்டில் அடைத்துச் சோறு போட்டு, பாட்டும் வசனமும் அடியோடு புகட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆடவைத்த இந்தக் கம்பெனிகள் இல்லையேல், இருபதாம் நூற்றாண்டின் தமிழ் நடிப்புக் கலையே இல்லை; அதே சமயம், நியாயமான சம்பளமும் வீட்டுக்குப் போகும் உரிமையும் அற்ற குழந்தைத் தொழிலாளிகளின் உழைப்பு இல்லையேல் அந்தக் கம்பெனிகளும் இல்லை. இரண்டும் உண்மை.

திருச்சிச் சங்கிலியாண்டபுரத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாக வளர்ந்த கணேசன் என்ற சிறுவன், கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த பரவசத்தில், தனக்குத் தாய் தந்தையர் இல்லை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தான். சேர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் பெற்றோர் முகத்தைக் காண முடியவில்லை. அச்சிறுவனே சிவாஜி கணேசன். அநாதை என்று பொய் சொன்னவனைக் கம்பெனி ஏறக்குறைய அநாதையாகவே வைத்திருந்தது என்பதை நினைக்கும்போது, வேலையிடத்து அநீதியைப் பற்றி நாடகம் எழுதப் புறப்படுகிறவர் பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, திரைக்குப் பின்னே எட்டிப் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

நாடகத்தைப் பார்க்க வந்த கூட்டமும் இதற்குள் மாறிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டு 1928-இல் இயங்கத் தொடங்கியது. அந்த மாற்றத்தோடு டிரேடு டெஸ்ட் என்ற பரீட்சையும், அதில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பும் ஆட்குறைப்புத் திட்டமும் வந்தன. இரும்பை உருக்கிக் கையில் காய்ப்பேறிய கொல்லனுக்கு, இத்தனை வருஷம் பார்த்த வேலை உனக்குத் தெரியுமா என்று பரீட்சை வைத்த அந்த ஏற்பாடு, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பை அணைக்கக் கூடியதாக இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. அது அடக்கப்பட்டது. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சதி வழக்கில் பத்தாண்டுத் தண்டனை பெற்றனர். மேல் முறையீட்டில் சிங்காரவேலரின் தண்டனை 18 மாதங்களாகக் குறைந்தது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து மற்றொரு ரயில்வே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலைச் சங்கத் திடலில் கூடியிருந்த தொழிலாளர்கள் மீது மலபார் ஸ்பெஷல் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது வெள்ளையரின் நேரடி நிர்வாகமன்று. மக்கள் வாக்களித்து அமைத்த பிரகாசம் மந்திரி சபை. சுதந்திரத்துக்கு ஓர் ஆண்டு கூட இல்லாத அந்த நாளில், பட்டறைத் தொழிலாளிக்கு எஜமானனின் நிறம் ஒரு பொருட்டன்று என்பது இரத்தத்தால் எழுதப்பட்டது.

இந்தத் தொழிலாளியே மாலையில் குளித்துச் சலவைச் சட்டை அணிந்து, பொன்மலையிலிருந்து நகரத்துக்கு வந்து தரை டிக்கெட் வாங்கினான். ஹரிச்சந்திரனின் துயரத்துக்கு அழுதவன் தன் துயரத்தையும் மேடையில் காண விரும்பினான். எந்தக் கலையும் தன்னைத் தாங்கும் கைகளின் வாசனையைப் பெறாமல் இருப்பதில்லை. அக்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் குமாஸ்தாவின் பெண்ணை மேடையேற்றி, சொற்பச் சம்பளக்காரன் வீட்டு வறுமையைக் காட்டினார்கள். கே. ஆர். ராமசாமியின் கிருஷ்ணன் நாடக சபைக்காக அண்ணாதுரை எழுதிய வேலைக்காரி, வீட்டு வேலை செய்யும் பெண்ணைத் தலைப்பிலேயே நிறுத்தியது. ராஜாவையும் ராணியையும் கொண்டே நாடகங்களுக்குப் பெயர் வைத்த நாட்டில், வேலைக்காரி என்று வால்போஸ்டரில் பெரிய எழுத்தில் அச்சிட்டது சிறிய புரட்சியன்று.

அந்தப் புரட்சியின் மிக முரட்டுத்தனமான குரல் திருச்சியைத் தன் ஊராக ஆக்கிக்கொண்ட எம். ஆர். ராதாவினுடையது. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவனாக அடிபட்டு வளர்ந்த அவர், மின்சார வேலையும் மோட்டார் வேலையும் அறிந்த கைகளோடு சொந்தக் குழு நடத்தி, திருவாரூர் தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீரைத் தேவர் ஹாலிலும் தமிழ்நாட்டின் மற்றக் கொட்டகைகளிலும் எண்ணற்ற முறை நடத்தினார். அன்றைய பத்திரிகைச் செய்தியை அன்றிரவே வசனத்தில் நுழைத்து, பணக்காரனையும் பக்தனையும் தலைவனையும் ஒருசேரச் சாடினார். தம் ராமாயண நாடகத்துக்கு அவர் செய்த விளம்பரம் நாடக விளம்பரச் சரித்திரத்திலேயே தனித்து நிற்பது: மனம் புண்படும் என்று எண்ணுகிறவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம், அவர்களுடைய காசும் எனக்கு வேண்டாம் என்ற பொருளில் அவர் நோட்டீஸ் அச்சிட்டார். வாருங்கள், பரிசு தருகிறோம் என்று கெஞ்சும் நோட்டீஸையும், வராதே என்று சொல்லி வாசலை அடைக்கும் இந்த நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தன் சரக்கில் எவனுக்கு நம்பிக்கை அதிகம் என்பது விளங்கும். அவரைப் போன்றோரை மனத்தில் கொண்டே 1954-இல் சென்னை ராஜ்யத்தில் புதிய நாடகச் சட்டம் பிறந்தது. அதன் விதிகளை அரசியல் சாசனத்துக்கு முரணானவையெனச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது 2013-இல்தான். ராதா 1979 செப்டம்பர் 17-ஆம் தேதி திருச்சியிலேயே காலமானார்.

அப்படியானால் பார்வையாளனுக்குப் பரிசு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுகிறபடி அது மேடையில் பிறக்கவில்லை. பத்திரிகையிலும் லாட்டரிக் கடையிலும் வளர்ந்து, பிறகு மேடைக்கு வந்தது. முப்பதுகளில் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி, சொற்ப நுழைவுக் கட்டணத்துக்குப் பெரிய தொகைகளைப் பரிசளித்தபோது, பத்திரிகையின் விற்பனை பெருகியது; வாசகன் கதையையும் படித்தான், கட்டத்தையும் நிரப்பினான். இத்தகைய போட்டிகள் நாடெங்கும் பெருகிச் சூதாட்டத்தின் சாயலைப் பெறவே, மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசளிப்பதைத் தடுத்துப் பாராளுமன்றம் 1955-இல் சட்டம் இயற்றியது. தனியார் கையில் தவறென்று தோன்றியது சர்க்கார் கையில் சரியாயிற்று. 1968-இல் அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டு தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் அன்று தெருவெங்கும் ஒலித்தது. வேலைக்காரியின் ஆசிரியரே பரிசுச் சீட்டின் கர்த்தாவாகவும் இருந்ததில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நியாயத்தை உடனே வழங்க முடியாத அரசாங்கங்கள் நம்பிக்கையையாவது ஒரு ரூபாய்க்கு விற்றுப் பார்ப்பது உலக இயல்பு. 1975-இல் நிறுத்தப்பட்டு, 1984-இல் மறுபடியும் தொடங்கி, குடும்பங்கள் பலவற்றின் சம்பளத்தைத் தின்று தீர்த்தபின், 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனை தமிழ்நாட்டில் அடியோடு தடை செய்யப்பட்டது. சம்பள நாளன்று பட்டறை வாசலில் கடன்காரனுக்குப் பக்கத்தில் சீட்டு விற்பவனும் நின்ற காட்சி அதனோடு மறைந்தது.

பொருள் வாங்குகிறவர்களுக்குக் குலுக்கலில் பரிசு என்று ஆசை காட்டும் வியாபாரத் திட்டங்களையும் 1979-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் விலக்கியிருக்கிறது. அகில இந்திய விளம்பரங்களின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், இத்திட்டம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்ற வரியைப் பலர் கண்டிருக்கலாம்; அதற்கு வேர் இச்சட்டத்தில் இருக்கிறது. என் கைக்கு வந்த நோட்டீஸை அச்சிட்டவர்கள் இதை அறிவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. அவர்கள் செய்தது சட்டத்தின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். கலையின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதே என் கவலை.

அவர்கள் நிலைமையும் பரிதாபத்துக்குரியதே என்பதை மறுக்க மாட்டேன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் அந்த நாளிலிருந்தே தன் வீட்டில் செல்லாக்காசாகிவிடுவதைக் கடவுள் வந்திருந்தார் நாடகத்தில் சிரிப்பும் துயரமுமாகக் காட்டினார். பூர்ணம் விசுவநாதன் குழுவினர் அதை மேடையேற்றியபோது, மத்தியதர வர்க்கத்துப் பார்வையாளன் பரிசு எதையும் எதிர்பார்க்காமலே வந்து உட்கார்ந்தான். அந்தப் பார்வையாளனைத் தொலைக்காட்சியும், பின்பு கைப்பேசியும் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டன. மண்டப வாடகையும் ஒலி ஒளிச் செலவும் ஏறியிருக்கின்றன. நடிகர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் ஒத்திகைக்கு வருகிறவர்கள். நாற்காலிகள் காலியாயிருப்பதைக் காட்டிலும் ஒரு மிக்ஸியையோ வெள்ளிக் காசையோ கொடுத்தாவது அவற்றை நிரப்பலாம் என்று ஒரு நாடகக் காரியதரிசி நினைத்தால், அவரை நோக்கிக் கல்லெறிய எனக்குக் கை எழவில்லை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். காணி உழைப்புக்கு உரிமை. மெடல் திறமைக்கு மரியாதை. குலுக்கல் பரிசோ உழைப்பையும் திறமையையும் பாராதது. வேலையிடத்தில் நிகழும் அநீதியின் சாரமே அந்தப் பாராமைதான். உழைத்தவனைத் தாண்டிப் பதவி வேறொருவன் மடியில் விழுவதையும், மேலதிகாரியின் தயவே நியாயமாகிவிடுவதையும் இரண்டரை மணி நேரம் மேடையில் கண்டித்துவிட்டு, இறுதியில் கண்ணைக் கட்டிய குழந்தையைக் கொண்டு பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுக்கச் சொன்னால், வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது நாடகத்தின் நியாயத்தையா, பெட்டியின் நியாயத்தையா? நாடகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இதுதான். பரிசுக்கு ஒதுக்கிய பணம் கையில் இருக்குமானால், அதை முதலில் திரை இழுப்பவருக்கும், வேஷம் போட்டுவிடுபவருக்கும், ஒத்திகைக்கு இரண்டு பஸ் மாறி வரும் நடிகைக்கும் சம்பளமாகக் கொடுங்கள்; கொடுத்ததைக் காமரசவல்லி ஊரார் செய்தது போல எல்லாரும் பார்க்க எழுதி வையுங்கள். மிச்சமிருந்தால் தரை டிக்கெட்டின் விலையைக் குறையுங்கள்.

பொன்மலையில் ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் தேதி தொழிலாளர்கள் சங்கத் திடலில் கூடி, மாண்டுபோன ஐவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். 1946-க்குப் பின் பிறந்தவர்களே அங்கு பெரும்பாலும் வருகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நுழைவுச் சீட்டு இல்லை, குலுக்கலும் இல்லை.